கைமாறி வந்த இன்ஜெக்‌ஷன் பைக்: ஸ்டார்ட் ஆகாத, சீராக ஓடாத பழுதுகளைத் தேடும் வரிசை

இன்ஜெக்‌ஷன் பைக்கில் பழுது என்றதும் புதியவர்கள் முதலில் சந்தேகிப்பது சென்சாரை. அடுத்தது இசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை. இரண்டுக்கும் செலவு செய்து முடித்த பிறகு, பேட்டரி முனையில் தளர்ந்து கிடந்த திருகை யாரோ இறுக்கியதும் பைக் கிளம்புகிறது. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பழுது பெரும்பாலும் எளியதுதான். தேடும் வரிசைதான் தலைகீழாகப் போய்விடுகிறது.

இங்கே சொல்லும் வரிசை மின்சாரத்தில் தொடங்கி, தீப்பொறி, பெட்ரோல் என்று நகர்ந்து, அதன் பிறகே சென்சாருக்கு வருகிறது. பெட்ரோல் பம்ப், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சென்சார், இசியூ எல்லாமே பேட்டரியின் வோல்டேஜை நம்பி இயங்குபவை. அது குறைவாக இருக்கும்போது மற்றவற்றைச் சோதித்தால், கிடைக்கும் எந்த விடையையும் நம்ப முடியாது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், பேட்டரி சார்ஜர், பிளக் ஸ்பேனர், தீப்பொறி சோதிக்கும் ஸ்பார்க் டெஸ்டர், காண்டாக்ட் கிளீனர், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனர். இவற்றோடு ஒரு நோட்டும் பேனாவும். மல்ட்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அளக்காமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும் ஊகம்தான்.

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். நான் தரும் எண்கள் பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தும் பொதுவான அளவுகள். மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இன்ஜெக்‌ஷன் பைக்கின் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பான் அருகில் இருக்கும்போது மட்டுமே அதைக் கழற்றுங்கள். மேனுவல் சொல்லும் முறையில் அழுத்தத்தை முதலில் இறக்குங்கள். பிறகும் இணைப்பின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டே கழற்றுங்கள். சாவி ஆன் நிலையில் எந்தக் கனெக்டரையும் பிடுங்கக் கூடாது. அப்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் இசியூவைப் பாதிக்கலாம்.

2. பழுதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பைக் சரியில்லை" என்று எழுதினால் எதையும் தேட முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரே சுற்றவில்லையா? மோட்டார் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லையா? பற்றி உடனே அணைகிறதா? குளிர்ந்த நிலையில் மட்டுமா, சூடான பிறகா? ஐடிலிங்கில் (த்ராட்டிலைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) சரியாக நின்று, த்ராட்டிலைத் திறக்கும்போது தயங்குகிறதா?

ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும். மோட்டார் சுற்றவில்லை என்றால் பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. சூடான பிறகு மட்டும் நிற்கிறது என்றால், குளிர்ந்த இன்ஜினில் எல்லாவற்றையும் அளந்து "சரியாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவதில் பயனில்லை. பழுது தோன்றும் நேரத்தில் அளக்க வேண்டும்.

இதே நேரத்தில், இசியூ பதிவு செய்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளையும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். சில பைக்குகளில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே குறியீடு. சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. ஆனால் அதைப் பார்த்து உடனே எதையும் வாங்க வேண்டாம். பேட்டரி பலவீனமானாலே பொய்யான குறியீடுகள் பதிவாகலாம்.

3. முந்தைய கைகள் செய்த வேலையைத் தேடுங்கள்

பழைய பைக்குக்கே உரிய படி இது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நாட்கணக்கில் அலைகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த வயரிங்கில் பழுது வருவதைவிட, பிறகு யாரோ வெட்டி ஒட்டிய வயரிங்கில் வருவதே அதிகம்.

சீட்டையும் பக்கப் பலகைகளையும் கழற்றுங்கள். அலாரம், ஜிபிஎஸ் கருவி, கூடுதல் விளக்கு, சத்தமான ஹாரன், மொபைல் சார்ஜர் போன்றவை எங்கிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று பின்தொடருங்கள். வயரைத் தோலுரித்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் எதுவானாலும் சந்தேகத்துக்குரியது. அலாரங்கள் பெரும்பாலும் இக்னிஷன் வயரையே வெட்டி நடுவில் புகுந்திருக்கும்; அவற்றின் மலிவான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அதிர்வில் துண்டித்தால் ஓடும் பைக் அப்படியே அணையும்.

வேறு சைலன்சர், வேறு ஏர் ஃபில்டர், எரிபொருள் அளவை மாற்றும் துணைக் கருவி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் அகற்றிப் பைக்கைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பழுதைத் தேடுங்கள். இல்லையென்றால் பைக்கின் பழுது எது, கூடுதல் கருவியின் பழுது எது என்று பிரிக்கவே முடியாது.

ஃபியூஸ்களையும் பாருங்கள். எரிந்திருக்கிறதா என்பது மட்டுமல்ல, குறித்த ஆம்பியர் அளவுள்ளதா என்பதும் முக்கியம். 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் இருந்தால், முன்பு அங்கே ஒரு ஷார்ட் இருந்தது, அதை யாரோ மூடி மறைத்தார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

4. பேட்டரியை மூன்று நிலைகளில் அளவுங்கள்

முதலில் ஓய்வு நிலை. சார்ஜரிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்து, லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு சார்ஜ். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. முன்பிருந்தவர் லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும்.

இரண்டாவது, ஸ்டார்ட்டரை அழுத்தும்போது. மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்து அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி மீது சந்தேகம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரி, சுமை வந்ததும் 8 வோல்ட்டுக்கு விழும். அப்போது மோட்டார் சுற்றும், ஆனால் இசியூ தள்ளாடும், பம்ப் மெதுவாகச் சுற்றும், இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும். பார்ப்பவருக்கு இது பெட்ரோல் பழுது போலவே தெரியும்.

பேட்டரி தீர்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் கார்புரேட்டர் பைக்கோடு முடிந்துவிட்டது. பம்ப்பும் இசியூவும் விழிக்கும் அளவுக்காவது சார்ஜ் இல்லாத இன்ஜெக்‌ஷன் பைக்கை எவ்வளவு தூரம் தள்ளினாலும் பற்றாது.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. ஹெட்லைட் எரிய, சுமார் 5000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13.5-ஐத் தொடவே இல்லை என்றால் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரோ, அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ பழுது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அந்த நிலையில் பைக்கை ஓட்டாதீர்கள், பேட்டரியும் இசியூவும் சேர்ந்து போகும். ஸ்டேட்டர் மூன்று வயர் கொண்டதாக இருந்தால், கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு இரண்டு வயருக்கும் இடையே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் உடலுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது.

பிறகு எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜின் உடலோடு இணைக்கும் பாதை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பெயிண்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த் கேபிளிலோ அதன் திருகிலோ துரு. கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் விட்டதால் இசியூ வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

5. சாவியைத் திருப்பி, காதைக் கொடுங்கள்

கில் சுவிட்சை (இன்ஜினை அணைக்கும் ஹேண்டில்பார் சுவிட்ச்) ஓடும் நிலையில் வைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். டேங்க்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி பம்ப்பின் முனகல் கேட்க வேண்டும்.

விளக்கும் இல்லை, முனகலும் இல்லை என்றால் இசியூவுக்கே மின்சாரம் போகவில்லை. ஃபியூஸ், மெயின் ரிலே, கில் சுவிட்ச், சாவி சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். விளக்கு எரிந்து பம்ப் மட்டும் மௌனமாக இருந்தால் பம்ப் ரிலே, பம்ப் கனெக்டர், பம்ப். முனகல் கேட்டு, மோட்டாரும் சுற்றி, இன்ஜின் பற்றவில்லை என்றால் அடுத்த படிகளுக்குப் போகலாம்.

இந்த நேரத்தில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் தலைப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்த வயர்கள் பழைய பைக்கில் சாதாரணம். திருப்பும்போது விளக்கு மினுக்கினால் பழுதின் இடம் கிடைத்துவிட்டது.

6. ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை என்றால்

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகிய மூன்றும்தான் அனுமதி தருபவை. ஸ்டாண்டை எடுத்து, நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சையும் பிடித்து முயலுங்கள். அப்போது மட்டும் சுற்றினால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். கியர் போட்டதும் இன்ஜின் அணைந்தால் பெரும்பாலும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். சேறு படும் இடத்தில் இருப்பதால் அது விரைவில் கெடும்.

பைக் கீழே விழுந்ததா? சாய்வு சென்சார் இன்ஜினை அணைத்திருக்கும். சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்தால் விடுபடும். யாராவது அந்தச் சென்சாரைக் கழற்றித் தலைகீழாகவோ தளர்வாகவோ மாட்டியிருந்தால், நிமிர்ந்து நிற்கும் பைக்கையே அது விழுந்ததாக நினைக்கும்.

7. பிளக் சொல்வதைக் கேளுங்கள்

சிறிது நேரம் ஸ்டார்ட்டரை அழுத்திய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறியில் சந்தேகம். உலர்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் எரிபொருள் பக்கம் திரும்புங்கள். இந்த ஒரு பார்வை தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

தீப்பொறியைச் சோதிக்க, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், ஸ்பார்க் டெஸ்டரை இன்ஜின் எர்த்துடன் உறுதியாக இணைத்துப் பாருங்கள். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். திறந்திருக்கும் பிளக் துளை வழியாகப் பெட்ரோல் தூவலும் தீப்பொறியும் சந்திக்கக் கூடாது. எர்த் செய்யாத பிளக் கேபிளோடு இன்ஜினைச் சுற்றுவதும் தவறு. வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் இசியூவையும் தாக்கும்.

மாட்டியிருக்கும் பிளக் ரெசிஸ்டர் வகைதானா என்று எண்ணைப் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் எரியும். ஆனால் அது எழுப்பும் மின்னிரைச்சல் இசியூவின் சிக்னல்களைக் குழப்பி, காரணமில்லாத திக்கலை உண்டாக்கும்.

பெட்ரோலில் மூழ்கிய இன்ஜினைத் தெளிவிக்க, த்ராட்டிலை முழுதாகத் திறந்தபடி சில விநாடி ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். பல இசியூக்கள் அந்த நிலையில் எரிபொருளை நிறுத்திவிடும். சாதாரணமாக ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டிலைத் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

8. பெட்ரோல்: தரம், அழுத்தம், அளவு

மாதக்கணக்கில் நின்ற பைக் என்றால் முதலில் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமோ, துருத்தூளோ, வார்னிஷ் வாசனையோ இருந்தால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான்.

பம்ப் முனகுகிறது என்பதாலேயே அது நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். வடிகட்டி அடைத்தாலும், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கசிந்தாலும், டேங்க்குக்குள் இருக்கும் சிறு குழாய் வெடித்தாலும் முனகல் அப்படியே கேட்கும். அழுத்தமானி இணைத்து அளப்பதே சரியான வழி. பல பைக்குகளில் 2.5 முதல் 3 பார் வரை இருக்கும். அழுத்தம் சரி, அளவு குறைவு என்ற நிலையும் உண்டு. அப்போது ஐடிலிங் நன்றாக இருக்கும், வேகமெடுக்கும்போது மூச்சு திணறும்.

ஒரு பயனுள்ள அடையாளம்: காலையில் முதல் முயற்சியில் பற்றாமல், சாவியை மூன்று நான்கு முறை ஆஃப் ஆன் செய்த பிறகு உடனே பற்றுகிறதா? அப்படியானால் இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பின் ஒருவழி வால்வையோ கசியும் இன்ஜெக்டரையோ பாருங்கள்.

இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலான பைக்குகளில் 10 முதல் 15 ஓம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நீண்ட ஸ்க்ரூடிரைவரை அதன்மேல் வைத்துக் காதால் கேட்டால் டிக் டிக் என்ற ஒலி தெரியும். பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்து அதைச் சோதிப்பதைத் தவிர்த்துவிடுங்கள், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் கருகிவிடலாம்.

கொஞ்ச தூரம் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளிழுத்து, மீண்டும் பைக் ஓடினால் டேங்க்கின் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. டேங்க்கைக் கழற்றி மாட்டியவர்கள் அந்தக் குழாயை நசுக்கிவிடுவது வழக்கம்.

9. இப்போது குறியீட்டுக்கு வாருங்கள்

குறியீடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னாலும், பழுது அந்தப் பாகத்தோடு இணைந்த சுற்றில் எங்கும் இருக்கலாம். சென்சார், கனெக்டர், வயர், எர்த், சென்சாருக்கு இசியூ தரும் 5 வோல்ட் ஊட்டம் எதுவானாலும் அதே எண்தான் வரும். எனவே முதலில் கனெக்டரைக் கழற்றி, பச்சைப் பூஞ்சை போன்ற துருவோ, வளைந்த ஊசியோ, ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று அளவுங்கள். இவை சரியான பிறகே சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார்களின் குறியீடுகள் வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் கெடுவது அரிது. அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் வயரோ எர்த் வயரோதான் பழுது.

வெப்பநிலை சென்சார் சூடாகும்போது ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. பல மாடல்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை இருந்து, நன்கு சூடானதும் சில நூறு ஓமுக்கு இறங்கும். இன்ஜின் எப்போதும் குளிராக இருப்பதாக அது பொய் சொன்னால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும்; கரும்புகையும் நனைந்த பிளக்கும் அடையாளம். த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் சுமார் அரை வோல்ட்டிலிருந்து, முழுதாகத் திறக்கும்போது 4 வோல்ட்டுக்கு மேல்வரை தாவாமல் ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் அதன் உட்பாதை தேய்ந்துவிட்டது. வயர்களை ஊசியால் குத்தாமல், கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளவுங்கள். குத்திய துளையில் இறங்கும் நீர் பிற்பாடு வேறொரு பழுதாக வரும்.

10. ஐடிலிங் நிலையில்லாமல் இருந்தால்

த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்தால் ஐடிலிங் குறையும். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சென்சார்களின் மேல் நேராக அடிக்காதீர்கள். பெயிண்ட் புள்ளி வைத்த திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். தகட்டின் அடிநிலை தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது. அதைத் திருப்பினால் ஐடிலிங் அப்போதைக்குச் சரியானது போலத் தோன்றும், இசியூவின் கணக்கு முழுதும் தவறிப் போகும். கைமாறி வந்த பைக்கில் அந்தப் பெயிண்ட் உடைந்திருந்தால், வேறு யாரோ அதைத் திருப்பிவிட்டார்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகும் சிறு குழாயில் பிளவு ஆகிய இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே நீரை மெல்லத் தெளித்தால், கசிவுள்ள இடத்தில் ஐடிலிங் மாறும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பது எளிதாகத் தெரிந்தாலும், சூடான சைலன்சர் அருகில் அது தீப்பிடிக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடான பிறகு ஐடிலிங் அணைகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது என்றால் வால்வு கிளியரன்ஸை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அளவுங்கள், ஆறிய இன்ஜினில். தேய்ந்து இடைவெளி குறைந்த வால்வு சூட்டில் முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் நழுவும். எந்தக் குறியீடும் இதைச் சொல்லாது. பைக்கை விற்றவர் இந்தப் பராமரிப்பைச் செய்தாரா என்பதும் பெரும்பாலும் தெரியாது.

11. சூடானதும் திடீரென அணைந்தால்

ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் ஒரே கணத்தில் நின்று, அரைமணி ஆறியதும் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுழலும் நிலையை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சாரை முதலில் சந்தேகிக்கிறேன். அதன் சிக்னல் இல்லாமல் இசியூ தீப்பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் சூட்டில் விரிந்து தொடர்பை விடுகிறது. அணைந்த உடனே, ஆறுவதற்குள், அதன் ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும்.

திக்கித் திணறி மெதுவாக அணைந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்: சூட்டில் சோர்ந்த பம்ப், அடைத்த டேங்க் காற்றுக் குழாய்.

12. சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிச் சரியானால் எது பழுது என்று தெரியாது. அது மீண்டும் வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழற்றிய நல்ல பாகங்களில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை ஓட்டி, மீண்டும் படியுங்கள். புதிதாகப் பதிவாவது மட்டுமே இன்றைய பழுது. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலோ த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்திருந்தாலோ சில மாடல்களில் ஐடிலிங்கை மீண்டும் கற்பிக்க வேண்டும். முறை மேனுவலில் இருக்கும். அதைச் செய்யாமல், "சுத்தம் செய்த பிறகு மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பலர்.

இசியூவை மாற்றுவது எல்லாவற்றுக்கும் பிறகு. அதன் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, எர்த்துகள் எல்லாம் சரி, சென்சார் சிக்னல்கள் வந்து சேர்கின்றன, ஆனால் காயிலுக்கோ இன்ஜெக்டருக்கோ கட்டளை போகவில்லை என்று அளந்து உறுதி செய்த பிறகே அந்தப் பேச்சு. இம்மொபிலைசர் (பதிவு செய்த சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள பைக்கில், வேறொரு வண்டியின் இசியூவை மட்டும் கொண்டுவந்து மாட்டினால் உங்கள் சாவியை அது ஏற்காது. சாவியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும், அல்லது இசியூவில் உங்கள் சாவியைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.